மூன்றில் நின்ற திரை

கோவில்பட்டி
8 அக்டோபர் 2025, மாலை 5.10

செவியிருந்தும் கேளாத சென்னைவாழ் தம்பி மணிராசே! அவன் தோளுக்குப் பின்னால் நின்று இம்மின்மடலைப் படிக்கக்கூடிய அவன் அலுவலகத்துப் பெருமக்களே! மிளகாய் வற்றலின் காம்பைக் கிள்ளிக் கிள்ளி விரல்நுனி வெந்துபோன பதினெட்டுப் பெண்களின் சார்பில் எழுதுகிறேன். குற்றம் இதுதான்: அவர்களுக்குக் காவல் என்று சொல்லி நீங்கள் நட்டு வைத்த கண், நான்கு நாள்களாக மூடி மூடித் திறக்கிறது.

ஆனி மாதம் கிடங்கு வாயிலில் நடந்த சங்கக் கூட்டத்தில், இனி உன்னோடு பேசேன் என்று அறிவித்தவள் நான். அச்சொல்லைக் காக்கிறேன். எழுதுகிறேன், பேசவில்லை.

விளாத்திகுளம் சாலையில் இருக்கும் வற்றல் குளிர்கிடங்கை நீ அறிவாய். அதன் குழாய்களில் அம்மோனியா ஓடுகிறது. அதனால்தான் மாசியில் வந்த வற்றல் ஐப்பசிவரை நிறம் மாறாமல் கிடக்கிறது. அது கசிந்தால் கண்ணும் நுரையீரலும் என்னாகும் என்பதும் நீ அறிவாய். முன்பெல்லாம் மணிக்கொருமுறை சாமித்துரை அண்ணாச்சி கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய்தோறும் காட்டிக்கொண்டு நடப்பார். கசிவு இருந்தால் திரிமுனையில் வெண்புகை கட்டும். எழுத்தறியாத எவரும் படிக்கக்கூடிய எழுத்து அது.

அந்த நடையை நிறுத்தியது நீ எழுதிய பரிந்துரைத் தாள். கிடங்கின் சுவர்களில் உணரிகள் வைத்தீர்கள். காற்றில் அம்மோனியா எவ்வளவு என்று அவை தரும் எண் சென்னைக்குப் போகிறது. அங்கே உங்கள் பெருங்கணினிக்குள் கற்பனையாய் வகுத்த ஒரு மெய்நிகர்க் கணினியில் ஏறுகிறது. அதைத் தொலைத்திரை வழியே இங்குள்ள மேசைக் கணினியில் சோலைராசு பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்தடி தொலைவிலுள்ள காற்றின் செய்தி அறுநூறு கிலோமீட்டர் போய்த் திரும்புகிறது! அறிவியல் என்றீர்கள். ஏற்றோம்.

சென்ற சனிக்கிழமை உங்கள் மென்பொருளை மேம்படுத்தினீர்கள். அன்றிலிருந்து அந்தத் திரை கறுக்கிறது, ‘மீண்டும் இணைக்கப்படுகிறது’ என்கிறது, வருகிறது, மறுபடி போகிறது. நம் சின்னவள் பேச்சித்தாயும் அப்பதினெட்டுப் பேரில் ஒருத்தி என்பதை உனக்கு நினைவூட்ட வேண்டியிராது.

திரையைச் சரிசெய். அதுவரை சாமித்துரையின் திரியைத் திருப்பிக் கொடு.

வெயிலுகந்தாள்

*

சென்னை
10 அக்டோபர் 2025, காலை 9.30

அன்புள்ள அக்காவுக்கு,

என் பெயரை நீ ‘மணிராசு’ என்று எழுதும்போதே கோபம் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். என் தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஏர் கூலர் மட்டும்தான் நிற்கிறது.

அந்தக் கூட்டத்தில் என்னை ‘உழைப்பாளியின் கண்ணைப் பிடுங்கிப் பெட்டிக்குள் பூட்டியவன்’ என்றாய். கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் என் மாமனாரும் ஒருவர். பழக்கதோஷம், நீ பேசி நிறுத்தினால் யாருக்கும் கை தானாகத் தட்டிவிடும். அன்று பஸ் ஏறிய நான் இன்னும் ஊருக்கு வரவில்லை. இதை இத்தோடு விடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கணக்கிடும் புரோகிராம் நன்றாக இருக்கிறது. அது ஓடும் வர்ச்சுவல் மெஷினும் நன்றாக இருக்கிறது. இங்கிருந்து சோதித்தேன், ஒரு விநாடிகூட நின்றதில்லை. கெட்டிருப்பது அதைத் தூரத்திலிருந்து பார்க்கும் வழி. சனிக்கிழமை அப்டேட்டுக்குப் பிறகு வேறு இரண்டு ஊர்களிலிருந்தும் இதே புகார் வந்திருக்கிறது.

எனக்குத் தேவை நேரங்கள். திரை எப்போது கறுத்தது, எப்போது திரும்பியது என்று சோலைராஜ் அண்ணன் ஒரு நோட்டில் எழுதட்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். திரையின் வலது கீழ் மூலையில் ஓடும் கடிகாரத்தையே எழுதச் சொல். அது எங்கள் மெஷினின் கடிகாரம். அதைக்கொண்டுதான் இங்குள்ள பதிவோடு ஒப்பிட முடியும்.

பயப்படாதே. எண் இருபத்தைந்தைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி வரும். பத்துக்குள் இருக்கும்வரை ஒன்றுமே இல்லை. பேச்சியிடம் சொல், அண்ணன் பார்த்துக்கொள்கிறான் என்று.

மணிராஜ்

*

கோவில்பட்டி
13 அக்டோபர் 2025, மாலை 6.00

தம்பி,

நீ கேட்ட நேரங்களைத் திரட்ட நானே இன்று கிடங்குக்குப் போனேன். காலை பத்து முதல் மாலை நான்கு வரை சோலைராசின் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். நாற்பது வயது மனிதர். கோவில் பூசாரிக்குரிய பணிவோடு அந்தத் திரையைப் பார்க்கிறார்.

“இன்னைக்கு நல்ல நாளுக்கா,” என்றார். “காலையிலேருந்து ஒருதடவகூட கறுக்கல. மூணுலயே நிக்குது. நீங்க வந்த ராசி.”

உண்மைதான். மூன்று. பத்து மணிக்கு மூன்று, நண்பகலில் மூன்று, நான்கு மணிக்கும் மூன்று. கிடங்கின் கதவுகள் முப்பது முறையாவது திறந்து மூடின. மூட்டைகள் வந்தன, போயின. காற்று எத்தனை முறை புரண்டிருக்கும்! எண் மட்டும் கல்லில் வெட்டியதுபோல் நின்றது. முதல் மணிநேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதன்பின் ஏனோ இல்லை. ஏன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. காரணம் சொல்ல முடியாமல் நான் ஒன்றை எழுதுவது இதுவே முதல்முறை.

நீ சொன்ன கடிகாரம் அந்தத் திரையில் இல்லை. வலக்கீழ் மூலையில், ஆயுத பூசையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து காசளவுக்கு இருக்கின்றன. ஆகவே சோலைராசு நேரம் எழுதவில்லை.

பெண்கள் வேலை செய்யும் கூடம் மூன்றாம் அறைக்கு எதிரே இருக்கிறது. பேச்சியின் கண்கள் கோவைப்பழம்போல் இருந்தன. முகத்தில் ஈரத்துணி கட்டியிருந்தாள். கண் எரிகிறதா என்றேன்.

“வத்தலுக்கு எரியாம பின்ன பாயாசத்துக்கா எரியும்?” என்று சிரித்தாள். உடனே இருமினாள். பக்கத்தில் இருந்தவளும் இருமினாள். பிறகு வரிசை முழுவதும் இருமியது. “ஏட்டி, நீ ஆரம்பிச்சா எல்லாரும் கச்சேரி வைக்காளுவ பாரு,” என்று ஒருத்தி சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். வீடு திரும்பும் பேருந்தில் அந்த இருமல் என் காதைவிட்டு அகலவில்லை.

வெயிலுகந்தாள்

*

சென்னை
14 அக்டோபர் 2025, காலை 8.05

அக்கா,

உன் மடலை இரண்டு முறை படித்தேன். அந்தச் சந்தனப் பொட்டுக்குக் கீழேதான் நான் சொன்ன கடிகாரம் இருக்கிறது.

விளங்கச் சொல்கிறேன். திரை கறுத்தால் நல்லதுதான், பழுது கண்ணுக்குத் தெரிகிறது. கறுக்காமலே அது உறைந்துபோகலாம். அப்போது கடைசியாக வந்த படம் அப்படியே நிற்கும். பார்ப்பவருக்கு உயிரோடு இருப்பதுபோலவே தோன்றும். அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே பொருள் அந்தக் கடிகாரம். நிமிடம் நகராமல் நின்றுவிடும். அதன்மேல்தான் சந்தனம் வைத்திருக்கிறீர்கள்.

இங்குள்ள பதிவை இப்போது திறந்து பார்த்தேன். நீ மூன்று என்று பார்த்துக்கொண்டிருந்த நேற்று, காலை ஆறு மணிக்கு மெய்யாகவே மூன்று. பத்து மணிக்கு ஒன்பது. நண்பகலில் பதினான்கு. இரண்டரைக்குப் பத்தொன்பது. கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும் வெயில் நேரத்தில் ஏறி, மாலையில் இறங்குகிறது. மூன்றாம் அறைப் பக்கத்து உணரி. எங்கேயோ ஒரு வால்வு கசிகிறது.

இதை நான் ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்பாய். மெஷின் ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. அதற்குள் என்ன எண் ஓடுகிறது என்று பார்க்க இங்கே எவருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கை ஒலியும் இதே இணைப்பு வழியாகத்தான் அங்கே வருகிறது. படம் உறைந்தால் ஒலியும் வராது. ஜூனில் நான் எழுதிய தாளில் ‘ஒரு திரை போதும்’ என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

காரணம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். முன்பு இந்த இணைப்பு ஒவ்வொரு துண்டாக அனுப்பி, ‘வந்து சேர்ந்ததா?’ என்று கேட்டுவிட்டே அடுத்ததை அனுப்பும். அப்டேட்டுக்குப் பிறகு வேகத்துக்காக இன்னொரு வழியைத் தானே தேர்ந்துகொள்கிறது. அதில் கேட்பது கிடையாது, வீசிக்கொண்டே இருக்கும். நகரத்து லைனில் சிக்கல் இல்லை. உங்கள் பக்கத்து மெல்லிய லைனில் பெரிய துண்டுகள் வழியிலேயே தொலைகின்றன. இரண்டு முனையும் இணைப்பு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கின்றன. அந்த வேக வழியை அடைத்தால் பழையபடி ஆகிவிடும். பத்து நிமிட வேலை. இங்கே என் மேலாளரிடம் கேட்டேன், தீபாவளி முடிந்துதான் எதையும் தொட அனுமதி என்கிறார். இருபத்தைந்தைத் தாண்டவில்லையே என்றும் சொல்கிறார்.

பொட்டை உடனே துடைக்கச் சொல். இன்னொரு கேள்வி, இதற்குப் பதில் மிக முக்கியம். வத்தல் காரம் வத்தலைத் தொட்டவரைத்தான் எரிக்கும்; முகம் கழுவினால் அடங்கும். அம்மோனியா அந்த இடத்தில் நிற்கும் எல்லாரையும் எரிக்கும். மூக்கும் இரண்டு நாளில் அந்த வாடைக்குப் பழகிவிடும். காம்பு கிள்ளாத நாளிலும் பேச்சிக்குக் கண் எரிகிறதா?

மணிராஜ்

*

கோவில்பட்டி
16 அக்டோபர் 2025, மாலை 5.40

தம்பி மணி,

எரிகிறது.

செவ்வாயன்று அவளைக் காம்பு கிள்ளலிலிருந்து மாற்றி, மூன்றாம் அறை வாசலில் சாக்குத் தைக்க விட்டிருக்கிறார்கள். அன்று முழுவதும் ஒரு வற்றலையும் தொடவில்லை. மற்ற நாள்களைவிட மிகுதியாக எரிந்ததாம். “சாக்குத் தூசியாயிருக்கும்க்கா,” என்கிறாள். பதினைந்து ஆண்டுகள் கண்ணெரிச்சலோடு வாழ்ந்தவர்களுக்கு எந்த எரிச்சலும் புதிதாகத் தோன்றுவதில்லை, தம்பி. வேறு எந்த ஊர்ப் பெண்ணும் முதல் நாளே கூக்குரலிட்டு ஓடியிருப்பாள். நம் பெண்கள் துணியை நனைத்துக் கட்டிக்கொண்டு அமர்ந்துவிட்டார்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பொட்டைத் துடைக்கச் சொன்னேன். சோலைராசு எழுந்து நின்றுவிட்டார். “சாமிக்கு வச்சதுக்கா. அடுத்த பூசைக்குத்தான் அழிக்கணும். நான் கை வைக்க மாட்டேன், புள்ள குட்டிக்காரன்,” என்றார். நான் என் முந்தானையை நனைத்துத் துடைத்தேன். சந்தனம் எளிதில் போகவில்லை. போனபோது அடியில் எண்கள் தெரிந்தன: 11.47. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

சோலைராசு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ நான் இவ்வளவு நேரமும் என்னத்தக்கா பாத்துட்டு இருந்தேன்?” என்று கேட்டார்.

திரையை மூடித் திறந்தோம். இருபத்தொன்று என்று காட்டியது. நான்கு நிமிடம் ஓடியது. மறுபடியும் நிமிடம் நின்றுவிட்டது.

கிடங்கு மேலாளர் உச்சிமாகாளியிடம் ஓடினேன். தீபாவளிக்குள் லாரி ஏற்ற வேண்டிய அவசரத்தில் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். மேசை இழுப்பறையிலிருந்து உன் தாளை எடுத்தார். “இருவத்தஞ்சு வரைக்கும் ஒண்ணுமில்லன்னு உங்க தம்பிதான எழுதிக் குடுத்துருக்காவ? இருவத்தொண்ணு இருவத்தஞ்சுக்கு மேலயா கீழயா? சங்கத்துக்கு மேடை வேணும்னா பஸ் ஸ்டாண்டுல போடுங்க,” என்றார். சாமித்துரை அண்ணாச்சி கந்தகத் திரியோடு வாயில்வரை வந்தார். உள்ளே விடவில்லை.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனியில் நீ இங்கு வந்து, “அக்கா, எதை எங்கே வைக்கலாம், பெண்களைக் கேட்டுச் சொல்,” என்றாய். நான் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் முழங்கினேன். எச்சரிக்கை எங்கே ஒலிக்கும் என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்விக்குக் கைதட்டல் கிடைத்திருக்காது. ஆகவே அது எனக்குத் தோன்றவில்லை.

அஞ்சுகிறேன், மணி. எப்போதும்வென்றான் ஊர்த் திடலில் கல்லெறிக்கு நடுவே பேசிய நாக்கு இது. இன்று பேச்சிக்கு ‘நாளை வேலைக்குப் போகாதே’ என்று சொல்லும்போது குழறியது. அவள் கேட்கவில்லை. “மத்தவளுக உள்ள இருக்கையில நான் மட்டும் எப்படிக்கா வீட்டுல இருக்க?” என்கிறாள். சொல்லிக்கொடுத்தவள் நான்தானே!

அந்த வேக வழியை அடைத்துவிடு.

அக்கா

*

சென்னை
17 அக்டோபர் 2025, மதியம் 1.15

அக்கா,

இன்று இரண்டாவது முறை கேட்டேன். இரண்டாவது முறையும் மறுத்துவிட்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு சர்வர் அறைக்குள் போகிறேன். யாரிடமும் கேட்கப்போவதில்லை.

உங்கள் கிடங்கின் இணைப்பு ஒன்றை மட்டும் மாற்றுவேன். பத்து முதல் பத்தே கால் வரை அங்கே திரை முழுக்கக் கறுத்திருக்கும். அந்தக் கால் மணி நேரம் ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது. உச்சிமாகாளி அண்ணாச்சி நீ சொன்னால் கேட்க மாட்டார். கம்ப்யூட்டர் சொன்னால் கேட்பார். அதனால் அலுவலக முகவரியிலிருந்தே அவருக்கு அறிவிப்பு அனுப்பிவிட்டேன்: ‘பராமரிப்பு நேரம், கூடத்தைக் காலிசெய்க.’ அந்தச் சொற்களுக்கு நம் நாட்டில் இருக்கும் மரியாதையை நீயே நாளை பார்ப்பாய்.

சர்வர் அறைக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மடல் மட்டும் உள்ளே இருக்கும் திரையில் தெரியும். எண் என்ன வந்தாலும் எழுது.

பேச்சியை வெளியே வரும் முதல் ஆளாகப் பார்த்துக்கொள். இது மட்டும்தான் நான் உன்னிடம் கேட்பது.

மணி

*

குளிர்கிடங்கு அலுவலகம், விளாத்திகுளம் சாலை
18 அக்டோபர் 2025, காலை 10.38

மணி!

சோலைராசின் மேசையிலிருந்தே எழுதுகிறேன். உன்னை ஏழு முறை தொலைபேசியில் அழைத்தேன். ஆம், ஆனி மாதத்துச் சொல்லை முறித்தேன். ஏழு முறையும் உன் கைபேசி ஏதோ ஒரு பெட்டிக்குள் ஒலித்து அடங்கியிருக்கும். ஆகவே இதைப் படி. ஒரு சொல்லும் விடாமல் படி.

பத்து மணிக்குத் திரை கறுத்தது. உன் அறிவிப்பைக் கண்டு உச்சிமாகாளி தாமே கதவைத் திறந்துவிட்டார். பெண்கள் வெளியே வந்தார்கள். எண்ணினேன்: பதினெட்டு. பேச்சி ஐந்தாவதாக வந்தாள்.

பத்து பதினெட்டுக்குத் திரை உயிர்த்தது. கடிகாரம் ஓடுகிறது, ஒவ்வொரு நிமிடமும் நகர்கிறது, நான் கண்ணெடுக்காமல் பார்க்கிறேன். உன் கணிப்பு சரி. கூடவே ஒரு கூவல் எழுந்தது. நான்கு மாதமாக இந்த மேசையில் இருக்கும் ஒலிபெருக்கி, எங்கள் எவர் காதிலும் விழாத கூவலைக் கூவியது. சோலைராசு நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். எண் முப்பத்தொன்று.

வென்றோம் என்று எண்ணினேன். கேள், என்ன நடந்தது என்று.

உச்சிமாகாளி வந்து பார்த்தார். “நேத்து வரைக்கும் இருவத்தொண்ணு. சென்னையில எதையோ தொட்ட மறுநிமிசம் முப்பத்தொண்ணு. அப்போ மெசினத்தான கெடுத்துப்புட்டாவ?” என்றார். “போன தடவ அப்டேட்டு பண்ணுனப்போ கறுத்துச்சு, இந்தத் தடவ கத்துது. அவ்வளவுதான்.” ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டார். உங்கள் அலுவலகத்துக்குப் பேசியிருக்கிறார். அங்கே எவரோ, ‘இன்று அப்படி ஒரு பராமரிப்பே கிடையாது’ என்று சொல்லியிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு எல்லாரும் உள்ளே போக வேண்டும் என்பது கட்டளை. இல்லையேல் நாளைமுதல் வேறு ஆள் வருமாம்.

உறைந்து நின்ற பொய்யை நம்பினார்கள், தம்பி! மெய் வந்து நின்று கூவினால் கெட்டுவிட்டது என்கிறார்கள்!

இந்தக் குழப்பத்தில் சாமித்துரை அண்ணாச்சி வாயிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். மூன்றாம் அறையின் வெளிக்கதவிடுக்கில் திரியைக் காட்டினார். பஞ்சுபோல் வெண்புகை கட்டியது. “ஏலே, இது கண்ணுக்குத் தெரியலயா?” என்று கத்தினார். “பனி நாளு, குளிர்க்காத்து பட்டா அப்படித்தான் தெரியும்,” என்று விலக்கிவிட்டார்கள்.

பெண்கள் வேம்படியில் நிற்கிறார்கள். நான் பேசினேன். என் வாழ்நாளில் பேசியவற்றுள் மிகச் சிறந்த பேச்சு அதுவாக இருக்கலாம். எவரும் கைதட்டவில்லை; எல்லாரும் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்போது பேச்சி முன்னால் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எக்கா, நீ நல்லாப் பேசுத. எனக்கு மூணும் தெரியாது முப்பதும் தெரியாது. அண்ணன்தான அந்தப் பெட்டிய வச்சது? இது மெய்யா பொய்யான்னு அண்ணன் எழுதட்டும். கெட்டுப்போச்சுன்னு எழுதினா நான் உள்ள போறேன். மெய்யின்னு எழுதினா ஒருத்தியும் போக மாட்டோம்.”

பதினெட்டுத் தலைகளும் அசைந்தன. உச்சிமாகாளியும், “ஆமா, சென்னையிலேருந்து பேரு போட்டு எழுத்து வரட்டும், நான் ஏத்துக்கிடுதேன்,” என்றுவிட்டார். வராது என்று நம்புகிறார்.

நீ எழுதினால், அனுமதியின்றி அந்த அறைக்குள் போனவன் நீதான் என்பதும் அதே எழுத்தில் இருக்கும். உன் வேலை போகும். அதை அறிந்தே கேட்கிறேன். அன்று உன்னைக் கூட்டத்தின் முன் நிறுத்திப் பழித்தவளே இன்று கேட்கிறேன். எனக்கு வேறு வழியில்லை. என் சொல்லில் இன்று வலுவில்லை. உன் கையெழுத்தில் இருக்கிறது.

இதைத் தொடங்கும்போது முப்பத்தொன்று. இப்போது முப்பத்தெட்டு. கடிகாரம் 10.46.

இரண்டே வரி போதும். ‘இந்த எண் மெய். எவரையும் உள்ளே விடாதீர்கள்.’ கீழே உன் முழுப் பெயர், உன் பதவி, இன்றைய நாள். ஜூனில் எழுதிய தாளைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் சேர். எனக்கு அனுப்பாதே, உச்சிமாகாளிக்கு அனுப்பு, முதலாளிக்கு அனுப்பு, தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பு.

பேச்சி சன்னலுக்கு வெளியே நின்று என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஈரத்துணியை மறுபடியும் முகத்தில் கட்டத் தொடங்கிவிட்டாள்.

நாற்பத்தொன்று.

மணிராஜ், எழுது. இந்த நிமிடமே எழுது.